ஏழாம் இலக்கக் கதவு

ஒலிவாங்கியைச் சட்டையில் குத்த விடமாட்டேன் என்று ஷாரி க்ரூன் முதலிலேயே சொல்லிவிட்டார். அவருக்குத் தொண்ணூற்றைந்து வயது. பிராங்பேர்ட்டில் ஒரு நாலாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். தன் உடுப்பில் வேறு யாரும் எதையும் குத்தக்கூடாது என்பது அவருடைய சட்டம். லவன் ஒலிவாங்கியை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் நிறுத்தி அவருக்கு முன்னால் வைத்தான்.

"இது சரி," என்றார் ஷாரி. "எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நீங்கள்?"

"லேம்பாக்," என்றாள் நிலக்சி.

ஷாரி கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார். "யார் அனுப்பினது? நகரசபையா?"

நிலக்சிக்கு விளங்கவில்லை. அவளும் லவனும் கடைசி வகுப்பு மாணவர்கள். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகள். தங்களுக்குள் டொச்சில், ஜேர்மன் மொழியில்தான் கதைப்பார்கள். அவர்களுடைய வரலாற்று வகுப்புக்கு அந்த வருடம் ஒரு பெரிய வேலை கொடுக்கப்பட்டிருந்தது. போரில் நின்றவர்களையும் நாசி முகாம்களிலிருந்து தப்பியவர்களையும் தேடிப்போய், அவர்கள் சொல்வதை அப்படியே பதிவுசெய்ய வேண்டும். யூத சமூக நிலையத்தில் கொடுத்த பட்டியலில் இவர்களுக்கு வந்த பெயர் ஷாரி க்ரூன். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

"ஒருத்தரும் அனுப்பவில்லை," என்றாள். "பள்ளிக்கூட வேலை."

ஷாரி எழுந்துபோய் அலுமாரி லாச்சியைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்துவந்து கோப்பைக்குப் பக்கத்தில் போட்டார். இரண்டும் லேம்பாக் நகரசபையின் கடிதங்கள். ஒன்று எண்பத்தாறாம் ஆண்டுக்குரியது. மற்றது இரண்டாயிரத்து மூன்று.

"வாசிக்க வேண்டாம். முதலில் கேளுங்கள்," என்றார். "கமெரா ஓடுகிறதா?"

"ஓடுகிறது," என்றான் லவன்.

இரண்டரை மணித்தியாலம் சொன்னார். ஹங்கேரியில் ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து நாற்பத்துநாலாம் ஆண்டு தாய் தகப்பனோடு ரயிலில் ஏற்றப்பட்டது. அவுஷ்விற்ஸில் தாயும் தகப்பனும் ஒரு பக்கம் போனது. வேலைக்கு எடுப்பார்களென்று, பதினாலு வயதான அவரைப் பதினாறு என்று சொல்லச் சொல்லி ஆகி என்ற அக்கா காதுக்குள் சொன்னது. அக்காவுக்குப் பதினேழு. இலையுதிர் காலத்தில் அறுபது பெண்களோடு சேர்த்து லேம்பாக்கில் ஒரு ஓட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். ஓடு காயவைக்கும் அறைகளில்தான் படுக்கை.

"பெப்ரவரியில் காய்ச்சல் வந்தது. மூன்று பேர் செத்தார்கள். ஆகி மூன்றாவது. அவளைத் தூக்கிப்போகப் பாடை கிடைக்கவில்லை. ஒரு கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கினார்கள். கதவில் வெள்ளைப் பெயின்ரால் ஏழு என்று எழுதியிருந்தது. பம்பு வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அதற்கப்பால் எங்களைப் போகவிடவில்லை. நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்."

அழவில்லை. ஒரு மிடறு தேநீர் குடித்தார். "இப்போது கடிதத்தை வாசி. இரண்டாவதை. சத்தமாக."

நிலக்சி வாசித்தாள். "அப்படியொரு முகாம் எமது நகரில் இருந்ததற்கான ஆவணம் எதுவும் எமது காப்பகத்தில் இல்லை. நீண்ட காலம் கடந்துவிட்டதால், தாங்கள் இடத்தை மாற்றி நினைவில் கொண்டிருக்கக்கூடும் என மரியாதையுடன் அறியத்தருகிறோம்."

"மரியாதையுடன்," என்றார் ஷாரி. "என் அக்கா எங்கே கிடக்கிறாள் என்பதை நான் மாற்றி நினைத்துவிட்டேனாம்."

லேம்பாக்கிலிருந்த அந்த ஓட்டுத் தொழிற்சாலை எழுபதுகளிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. களிமண் தோண்டிய பள்ளமும் சுற்றியிருந்த நிலமும் புல்லாகக் கிடந்தன. இப்போது அங்கே நூற்றிருபது வீடுகள் வரப்போகின்றன என்று ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். ஆடி மாதக் கூட்டத்தில் நகரசபை திட்டத்துக்கு அனுமதி கொடுக்க இருந்தது. அதற்கு ஏழு கிழமை இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் நிலக்சி குசினி மேசையில் இருந்து பதிவை எழுத்தாக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் மகாதேவி பக்கத்தில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். மகாதேவி லேம்பாக் முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறாள். மடிக்கணினியிலிருந்து ஷாரியின் குரல் வந்தது. பம்பு வீடு என்ற சொல் வந்த இடத்தில் மகாதேவியின் கத்தி நின்றது.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை."

"உங்களுக்கு ஏதோ தெரியும்."

"பிள்ளை, வேலையிலை காதிலை விழுகிறதை வீட்டை கொண்டு வர ஏலாது. கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். நீ கேக்காதை, நானும் சொல்லன்."

நிலக்சி கேட்கவில்லை. மேசையில் கிடந்த கடிதத்தின் பிரதியை மகாதேவி ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுத்து வாசித்தாள். கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"எனக்கும் இப்பிடி ஒண்டு வந்தது," என்றாள். "தொண்ணூறிலை. அகதி விசாரணையிலை எங்கடை வீடு எரிஞ்ச நாளை நான் ஒரு கிழமை பிந்திச் சொல்லிப்போட்டனாம். நம்பத்தக்கதில்லை எண்டு எழுதினவை. வழக்குப் போட்டு மூண்டு வருசத்துக்குப் பிறகுதான் நம்பினவை."

நிலக்சிக்கு இது புதிது. தாய்க்கு அகதி அந்தஸ்துக் கிடைக்கச் சுணங்கியது தெரியும். ஏன் என்று தெரியாது. இன்னும் கேட்கலாமென்று வாய் திறக்குமுன் மகாதேவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னாள்: "பிள்ளை, எங்கடை இல்லத்திலை ஒராள் உன்னோடை கதைக்க வேணுமாம். சண்டையிலை நிண்ட ஆள். பள்ளிக்கூடத்திலை இப்பிடிப் பதியினம், விருப்பமோ எண்டு மட்டும்தான் கேட்டனான். திங்கக்கிழமை இல்லை எண்டிட்டார். இண்டைக்குத் தானாக் கூப்பிட்டு, கூட்டிக்கொண்டு வா எண்டவர்."

"என்ன சொல்லப்போறார்?"

"அவரைக் கேள்."

வரலாற்று ஆசிரியை இரண்டு விதி போட்டார். எந்த இடத்திலும் நிறுத்தலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம், சொன்னது வெளியில் போகும் என்பதையெல்லாம் அந்த மனிதருக்கு முதலில் விளங்கப்படுத்த வேண்டும். ஷாரியைப் பற்றியோ ஓட்டுத் தொழிற்சாலையைப் பற்றியோ ஒரு சொல் அவர் காதில் போடக்கூடாது. "நீங்கள் ஒரு சொல் எடுத்துக்கொடுத்தால்கூட, நாளைக்கு அவர் சொன்னது செல்லாது," என்றார்.

ஏர்வின் ஷ்ராமுக்குத் தொண்ணூற்றேழு வயது. சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, சக்கரநாற்காலியில் யன்னலோரம் காத்திருந்தார். சிஸ்ரர் மகா கூட இருக்க வேண்டுமென்று கேட்டார். மகாதேவி கதவோரம் ஒரு கதிரையில் இருந்தாள். விதிகளை நிலக்சி வாசித்து முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என் மகள் வேண்டாமென்கிறாள்," என்றார். "எழுபது வயதுதான் அவளுக்கு. சின்னப்பிள்ளை, பயப்படுகிறாள். வழக்குப் போடுவதானால் போடட்டும். கேளுங்கள்."

"போர் தொடங்கும்போது எங்கே இருந்தீர்கள்?" என்றாள் நிலக்சி. எல்லோரிடமும் கேட்கும் முதற் கேள்வி அது.

அவர் அவசரப்படவில்லை. பதினாறு வயதில் வகுப்போடு சேர்த்து விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு இழுத்தார்கள். நாற்பத்தைந்து தை மாதம் காலில் இரும்புத்துண்டு பாய்ந்து ஊருக்கு அனுப்பினார்கள். கால் ஆறுமுன்னமே உள்ளூரில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

"எங்கே காவல்?"

"ஓட்டுத் தொழிற்சாலையில். என் தகப்பன் அங்கே மேற்பார்வையாளர். உள்ளே பெண்கள் இருந்தார்கள். யூதப் பெண்கள். ஊருக்குத் தெரியாது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும், பாண் போடுகிறவனுக்குத் தெரியும்."

லவன் கமெராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிலக்சி கேள்வித் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள்."

"மூன்று பேரைப் புதைத்தேன். நானும் இன்னொருவனும். அவன் ஏப்ரலில் செத்துப்போனான்." தண்ணீர் கேட்டார். மகாதேவி எழுந்து கொடுத்தாள். "தூக்குவதற்கு ஒன்றுமில்லை. காயவைக்கும் அறையின் கதவைக் கழற்றினோம். ஏழாம் இலக்க அறை. கதவில் இலக்கம் இருந்தது, வெள்ளையில். அதில்தான் மூன்று பேரையும், ஒவ்வொரு நாள் ஒவ்வொருவராக. பம்பு வீட்டின் பின்சுவரிலிருந்து பன்னிரண்டு அடி எடுத்துவைத்து நடந்தோம். நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. மூன்றாவது பெண்ணைத் தூக்கும்போது வாசலில் ஒரு சின்னப் பெட்டை நின்று கூப்பிட்டாள். ஆகி, ஆகி என்று. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. பெயர் என்பது விளங்கிற்று."

நிலக்சி முகத்தை அசைக்காமல் வைத்திருந்தாள். பக்கத்தில் லவன் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பதிவில் அது இன்றைக்கும் கேட்கும்.

"அதைப் பிறகு யாரிடமாவது சொன்னீர்களா?"

"இல்லை. நித்திரையில் உளறினது சிஸ்ரர் மகாவின் காதில் விழுந்திருக்கலாம், அவ்வளவுதான். அப்பா இருக்கும்வரை அப்பாவுக்காக. பிறகு மனைவிக்காக. பிறகு பழகிப்போயிற்று." ஒரு கடதாசி கேட்டு வாங்கி, பம்பு வீட்டைச் சதுரமாகப் போட்டு, மூன்று கோடு கீறி, கீழே கையெழுத்து வைத்தார். "அந்தச் சின்னப் பெட்டை தப்பினாளோ தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

உயிரோடிருக்கிறார் என்ற சொல் நிலக்சியின் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை ஷாரிக்குத்தான் இருந்தது.

"இப்போது எனக்குச் சொல்ல ஏலாது," என்றாள். "திரும்பி வந்து சொல்வேன்."

வெளியில் வந்ததும் லவன் மதிலோரம் குந்திவிட்டான். "ஏழு," என்றான். "ஏழு என்று அவராகச் சொன்னார்." நிலக்சியும் பக்கத்தில் குந்தினாள்.

மறுநாள் ஷாரி காதுக்கருவியைக் கழற்றிவிட்டு லவனின் பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டார். முழுவதும் கேட்டார். கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். கழற்றியபோது அவர் கன்னம் சிவந்திருந்தது.

"பன்னிரண்டு அடி," என்றார். "எண்பது வருடம் அந்தப் பன்னிரண்டு அடிதான் எனக்குத் தெரியாமல் இருந்தது."

"அவர் உங்களைப் பற்றிக் கேட்டார். என்ன சொல்வது?"

"மன்னிப்பு ஒன்றும் சொல்லி அனுப்பாதே. அது ஆகியிடம் கேட்க வேண்டியது. நான் இருக்கிறேன் என்று சொல். அவர் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்."

நகரசபைக் கூட்டம் ஆடி பத்தாம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு. வெளியே நல்ல வெயில். பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம். ஆசிரியை முன்கூட்டியே நிலக்சியின் பெயரைப் பதிந்திருந்தார். ஷாரி முன்வரிசையில் இருந்தார். நிலக்சியின் தகப்பன் இராசலிங்கம் தன் வானில் அவரை ஏற்றிவந்திருந்தார். நகர முதல்வர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வீட்டுத் திட்டத்தை முன்வைத்தவரே அவர்தான்.

நிலக்சி பேச்சு ஒன்றும் தயாரிக்கவில்லை. "இந்த இரண்டு பேரும் தங்கள் வாழ்நாளில் ஒருவரோடொருவர் பேசியதில்லை," என்று மட்டும் சொன்னாள். லவன் திரையில் முதலில் ஷாரியைப் போட்டான். கதவு, வெள்ளைப் பெயின்ற், ஏழு, பம்பு வீடு. அடுத்தது ஏர்வின். ஏழாம் இலக்க அறை, பன்னிரண்டு அடி, ஆகி. எல்லாம் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

பின்வரிசையில் ஒரு மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓய்வுபெற்ற காப்பக அதிகாரி. தனக்குப் பேச நேரம் இல்லை என்பது தெரியும் என்றார். நகர முதல்வர் பேசுங்கள் என்று கைகாட்டினார்.

"இரண்டாயிரத்து மூன்றில் அந்தக் கடிதத்தை எழுதினது நான்," என்றார். "கடதாசியில் தேடினேன். கடதாசி இல்லையென்றதும் முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் போய் ஒருவரையும் கேட்கவில்லை. அம்மா, நீங்கள் மாற்றி நினைக்கவில்லை. நான்தான் பிழை."

ஷாரி திரும்பி அவரைப் பார்த்தார். "இதை எழுத்தில் தருவீர்களா?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடம் முழுவதும் சிரிப்பும் கைதட்டலுமாகக் கலந்து எழுந்தது. காப்பக அதிகாரி அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கையெழுத்து வைத்து, நடந்து வந்து அவர் கையில் கொடுத்தார். நிலத்தை ஆராய்ந்து முடிக்கும்வரை திட்டத்தை நிறுத்துவதென்று வாக்கெடுத்தார்கள். இருபத்தேழு கைகளும் உயர்ந்தன. எதிர்த்து ஒன்றுமில்லை.

புரட்டாதியில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் நிலத்தைத் தோண்டாமல் உள்ளே பார்க்கும் கருவியைப் புல்லின்மேல் இழுத்தார்கள். பழைய வரைபடத்தை வைத்துப் பம்பு வீட்டின் அத்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். பின்சுவரிலிருந்து எட்டு மீற்றரளவில், ஏர்வின் கீறின இடத்தில், பக்கத்துப் பக்கத்தாக மூன்று குழிகள். யூத மதகுருவான ராபி வந்து பார்த்துவிட்டு, அவர்களை எழுப்ப வேண்டாம், உறங்கும் இடத்திலேயே இருக்கட்டும், இடத்தைத்தான் காக்க வேண்டும் என்றார். வீடுகளின் வரைபடம் மாற்றப்பட்டது. அந்தப் பகுதி மயானமாகப் பதியப்பட்டது. செய்தி ஹங்கேரிப் பத்திரிகை வரைக்கும் போக, அங்கேயிருந்து ஒருவர் தன் தாயின் மைத்துனியைத் தேடி எழுதினார். அப்படித்தான் மூவரில் ஷாரிக்குப் பெயர் தெரியாதிருந்த ஒருத்தியின் பெயரும் கிடைத்தது. மக்தா, ரோஷி, ஆகி. கல்லில் மூன்று பெயர்.

கல் நாட்டும் நாளைப் பங்குனியில் வைத்தார்கள். உங்களுக்கு நகரம் வேறென்ன செய்யலாம் என்று நகர முதல்வர் கேட்டபோது ஷாரி ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்களை ரயிலிலிருந்து இறக்கி, விடியுமுன் இருட்டில், தெருவின் ஓரத்தால் நடத்திக்கொண்டு வந்தீர்கள். போகும்போதும் அப்படித்தான். ஒருத்தரும் காணவில்லை என்று பிறகு சொன்னீர்கள். நான் பட்டப்பகலில், பிரதான வீதியின் நடுவால், அந்த இடத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் நடக்க வேண்டும். எல்லோரும் காண வேண்டும்."

அன்றைக்குப் பொலிஸ் வீதியை மறித்துவிட்டது. கல்லின்முன் பிரார்த்தனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு ஷாரி நடக்கத் தொடங்கினார். சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு மேலங்கியோடு, வீதி நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தார். ஒரு பக்கம் நிலக்சி, மறுபக்கம் கமெராவோடு லவன். பின்னால் பள்ளிக்கூடம் முழுவதும் வந்தது. பாண்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வாசலில் நின்றார். மருந்துக்கடை யன்னல்களில் முகங்கள். பிறகு தபாற்கந்தோரடியில் ஒரு பெண் கைதட்டத் தொடங்கினாள். அது வீதியின் இரண்டு பக்கத்தாலும் ஷாரியோடு கூடவே நகர்ந்தது.

முதியோர் இல்லத்தின் முன்னால் ஏர்வின் ஷ்ராம் போர்வை போர்த்திச் சக்கரநாற்காலியில் இருந்தார். மகாதேவி பின்னால் நின்றாள். ஷாரி நின்றார். ஏர்வின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பிந்திச் சொன்னீர்கள்," என்றார் ஷாரி. "ஆனால் சொன்னீர்கள்."

மறுபடி நடந்தார். அவர் கடந்துபோன பிறகு மகாதேவி கண்ணைத் துடைப்பதை நிலக்சி திரும்பிப் பார்த்தாள். தாயும் மகளைப் பார்த்தாள். போ, நடவென்று கையால் காட்டினாள்.

பாதி வழியில் தள்ளுநாற்காலி கொண்டுவரவா என்று லவன் கேட்டான். வேண்டாம் என்றார். மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார். ஒரு கிலோமீற்றருக்கும் மேல். ஐம்பது நிமிடம் எடுத்தது.

நிலையத்தில் ஊர்ச் சங்கீதக் குழு காத்திருந்தது. என்ன வாசிக்க விருப்பம் என்று கேட்டதற்கு, சோகமாக ஒன்றும் வேண்டாம், ஆடக்கூடியதாக வாசியுங்கள் என்றார். வாசித்தார்கள். ஷாரி நடைவண்டியின் பிடியில் விரலால் தாளம் போட்டார். பிறகு வாங்கில் உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக ஊர்ச்சனம் வந்து கைகொடுத்துத் தங்கள் பெயரைச் சொன்னது. அவர் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார்.

பிராங்பேர்ட் ரயில் வந்து நின்றது. நிலக்சி ஓடிப்போய்க் கதவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"விடு, போகட்டும்," என்றார் ஷாரி. "எனக்குப் பசிக்கிறது. இந்த ஊரில் நல்ல கேக் எங்கே கிடைக்கும்?"

வரிசையில் நின்ற ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கடையின் பெயரைச் சொன்னார்கள். ரயில் கதவைச் சாத்திக்கொண்டு அவரில்லாமல் போனது.